பூட்டுப் படத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள்

நோட்ஸ் ஆப்பில் அழிந்துபோன பழைய பதிப்பை மீட்டுவிடலாம் என்று நம்பி சந்தா கட்டப் போகிறீர்களா? ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

என் அக்கா காரைக்குடியில் தையல் கடை வைத்திருக்கிறார். வாடிக்கையாளர்களில் நிறையப் பேர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் துணியை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்புவார்கள், அளவு கடையிலேயே இருக்கும். தோள், மார்புச் சுற்று, கை நீளம், முன்கழுத்து, பின்கழுத்து இறக்கம், யாருக்கு முன்பக்கம் கொக்கி, யாருக்கு அக்குளில் அரை இஞ்ச் கூடுதலாக விட வேண்டும் என்பது வரை எல்லாம் ஒரு நோட்ஸ் ஆப்பில், பெயர் வரிசைப்படி ஒரே பக்கத்தில் இருந்தது. கடையில் வேலை பார்ப்பவர்களும் தங்கள் போனில் அதைத் திறப்பார்கள்.

அப்படி ஒரு போனில் நெட் விட்டு விட்டு வந்த நேரத்தில் பக்கம் பாதிதான் இறங்கியிருக்கிறது. நெட் திரும்பியதும் அந்தப் பாதியையே முழுப் பக்கம் என்று எடுத்துக்கொண்டு, ஆப் எல்லோருக்கும் சேமித்துவிட்டது. ‘ம’ வரிசையிலிருந்து கீழே இருந்த பெயர்கள் அத்தனையும் போய்விட்டன. ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. அந்தப் பெயர்களை இடையில் யாரும் தேடாததால் ஆவணி முகூர்த்தம் வரும் வரை விஷயமே தெரியவில்லை.

சரி, பக்கத்தின் பழைய பதிப்புகளைத் தேதிவாரியாகக் காட்டும் வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கிறதே என்று திறந்தோம். சமீபத்திய தேதிகள் மட்டும் திறந்தன. அதற்குக் கீழே பழைய தேதிகள் வரிசையாக, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பூட்டுப் படம். தொட்டால் ‘பிளானை உயர்த்தினால் பார்க்கலாம்’ என்று வந்தது. நமக்கு வேண்டிய தேதியும் அதில் இருந்தது. ஓராண்டுச் சந்தாவை அக்கா உடனே கட்டினார். கட்டி முடித்ததும் பூட்டு போனது, கூடவே அந்தத் தேதிகளும் காணாமல் போயின.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினோம். ‘நீண்ட கால ஹிஸ்டரி, பிளான் மாற்றிய பிறகு செய்யும் திருத்தங்களுக்கு மட்டுமே’ என்று பதில் வந்தது. அப்படியானால் பணம் கட்டும் முன் அந்தத் தேதிகளை ஏன் காட்டினீர்கள் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. ரீஃபண்டும் கிடையாதாம். அழிந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கைவசம் இல்லாததை இருப்பதாகக் காட்டிக் காசு வாங்கியதைப் பொறுக்க முடியவில்லை.

ஹிஸ்டரிக்குக் கால வரம்பு வைப்பது தவறில்லை, வெளிப்படையாகச் சொன்னால் போதும். நோஷன் என்ற நோட்ஸ் ஆப்பில் இலவசக் கணக்குக்கு 7 நாள், பிளஸ் பிளானுக்கு 30 நாள், பிசினஸுக்கு 90 நாள். அப்சிடியன் என்ற நோட்ஸ் ஆப்பின் சிங்க் சேவையில் ஸ்டாண்டர்டுக்கு ஒரு மாதம், பிளஸுக்கு 12 மாதம். கூகுள் டிரைவில் போட்டு வைக்கும் பிடிஎஃப் போன்ற கோப்புகளின் பழைய பதிப்புகள் 30 நாளிலோ, 100 பதிப்புகளைத் தாண்டினாலோ அழிந்துவிடலாம். குறிப்பிட்ட பதிப்பை ‘எப்போதும் வைத்திரு’ என்று குறித்து வைக்கும் வசதியும் அங்கே உண்டு. பிளான்கள் அடிக்கடி மாறும் என்பதால் கட்டும் அன்று அவர்கள் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

நாள் கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதையும் கவனியுங்கள். அழிந்தது உங்கள் கண்ணில் படும் நாளிலிருந்து அல்ல, திருத்தம் நடந்த நாளிலிருந்துதான் ஓடும். தினமும் திறக்கும் பக்கத்துக்கு 7 நாள்கூடப் போதும். அளவுப் பட்டியல், மருந்து விவரம், நிலப் பத்திரக் குறிப்பு மாதிரி எப்போதாவது திறப்பவற்றுக்கு 90 நாளும் போதாது. அவற்றை மாதம் ஒருமுறை எக்ஸ்போர்ட் செய்து கம்ப்யூட்டரிலோ பென்டிரைவிலோ வையுங்கள். நோஷன் மார்க்டவுன் (எளிய எழுத்து), சிஎஸ்வி (அட்டவணை) கோப்புகளாகத் தரும். கூகுளின் நோட்ஸ் ஆப்பான கீப்பில் இருப்பதை, கூகுள் கணக்கில் உள்ளவற்றை இறக்கித் தரும் டேக்அவுட் வழியாக இறக்கலாம்.

பழையதை மீட்பதற்காகத்தான் பணம் கட்டுகிறீர்கள் என்றால், ‘இந்தத் தேதிப் பதிப்பு இப்போது திறக்குமா?’ என்று முதலில் மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஆண்டுச் சந்தா வேண்டாம், ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். பூட்டுப் படம் தெரியும் திரையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா எடுத்து வைத்திருந்தார், இப்போது எங்களிடம் இருக்கும் ஆதாரம் அதுதான்.

2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் டார்க் பேட்டர்ன்களுக்கு, அதாவது ஆப்பிலும் இணையதளத்திலும் வாடிக்கையாளரை ஏமாற்றும் வடிவமைப்புகளுக்கு, எதிராக வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அதில் பட்டியலிட்ட 13 ஏமாற்று முறைகளில், ஒன்று கிடைக்கும் என்று காட்டி வேறொன்றைத் தருவதும் ஒன்று. எங்களுக்கு நடந்தது அதேதான் என்று சொல்லி, அந்த ஸ்க்ரீன்ஷாட்டையும் பணம் கட்டிய ரசீதையும் வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 வழியாகப் புகார் கொடுத்திருக்கிறோம். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால், தொகை சின்னது என்று விட்டுவிடாமல் நீங்களும் கொடுங்கள்.