புதினா இருக்கும் வீட்டில் பெப்பர்மின்ட் எதற்கு?

மாடித்தோட்டத்தில் மூலிகை வைக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் துளசி, கற்பூரவல்லி, புதினா என்றுதான் தொடங்குகிறார்கள். அதற்குப் பிறகு ஏதேனும் ஒரு நர்சரியில் பெப்பர்மின்ட் தொட்டியைப் பார்த்ததும், புதினாவே வீட்டில் இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வி எழுகிறது. கோயம்புத்தூரில் எங்கள் மொட்டைமாடியில் இரண்டையும் சில ஆண்டுகளாக வளர்த்து, இரண்டையும் அன்றாடம் பயன்படுத்தி வருகிறேன். ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம் என்றால் அதில் பெப்பர்மின்ட்டையே வைப்பேன். புதினாவைக் காய்கறிக் கடையில் வாங்கிக்கொள்வேன். பெப்பர்மின்ட் கேட்கும் பராமரிப்பு கூடுதல்தான். அதை அறிந்தே இந்த முடிவுக்கு வந்திருக்கிறேன்.

சமையலைப் பொறுத்தவரை பேச அதிகம் இல்லை. துவையல், சட்னி, பிரியாணி, புதினா சாதம் ஆகிய எல்லாவற்றிலும் புதினாவே சிறந்தது. பெப்பர்மின்ட் இலையை அரைத்துச் சட்னி செய்தால் பற்பசையின் வாசனை மேலோங்கி, புளியும் மிளகாயும் பின்னால் போய்விடும். எலுமிச்சைச் சாறு, மோர், பழச்சாறு ஆகியவற்றில் இரண்டு இலையைக் கசக்கிப் போடுவதோடு அடுப்படியில் அதன் வேலை முடிந்துவிடுகிறது.

இரண்டும் ஒரே குடும்பம் என்றாலும் அவற்றின் எண்ணெய் வேறு. நம் சந்தைகளில் கட்டாக விற்கப்படும் புதினா பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் இனத்தைச் சேர்ந்தது. அதன் வாசனைக்குக் காரணம் கார்வோன் என்ற பொருள். பெப்பர்மின்ட் என்பது அந்த ஸ்பியர்மின்ட்டும், நீர்நிலை ஓரங்களில் வளரும் நீர்ப்புதினாவும் கலந்து உண்டான கலப்பினம். இங்கிலாந்தின் ஹார்ட்ஃபோர்ட்ஷயர் பகுதியில் இது 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தனிச்செடியாக அடையாளம் காணப்பட்டது. அடுத்த நூற்றாண்டில் லண்டனை அடுத்த மிட்சம் என்ற ஊர் இதன் சாகுபடிக்குப் பெயர் பெற்றது. இன்றும் புகழ்பெற்ற ஒரு ரகத்தின் பெயர் பிளாக் மிட்சம். இதன் எண்ணெயில் ஏறக்குறைய 30 முதல் 55 சதவீதம் வரை மெந்தால் இருக்கும். ஸ்பியர்மின்ட் எண்ணெயில் மெந்தால் மிகக் குறைவு. நாக்கிலும் நெற்றியிலும் மூக்கிலும் நாம் உணரும் குளிர்ச்சி முழுவதும் மெந்தாலின் வேலை. குளிரை உணர நரம்பு முனைகளில் உள்ள ஓர் ஏற்பியை மெந்தால் தூண்டுவதால், உண்மையில் வெப்பநிலை குறையாமலே குளிர்வது போல மூளைக்குச் செய்தி போகிறது. 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பெற்ற டேவிட் ஜூலியஸ், ஆர்டம் படபூட்டியன் ஆகிய இருவரும் அந்த ஏற்பியைத் தனித்தனியே கண்டறிய மெந்தாலையே பயன்படுத்தினார்கள். ஆகவே வீட்டில் கைவைத்தியத்துக்காக ஒரு செடி வேண்டும் என்று நினைப்பவர் தேடுவது மெந்தால்தான். அது புதினாவில் போதுமான அளவு கிடைக்காது.

பெப்பர்மின்ட் எங்கள் வீட்டில் முதலில் பயன்படுவது சாப்பாட்டுக்குப் பின் வரும் வயிற்று உப்புசத்துக்கு. பத்துப் பன்னிரண்டு பச்சை இலைகளையோ ஒரு தேக்கரண்டி உலர்ந்த இலையையோ டம்ளரில் போட்டு, கொதித்து இறக்கிய நீரை ஊற்றி, உடனே தட்டால் மூடி ஏழெட்டு நிமிடம் வைத்திருக்க வேண்டும். மூடுவது கட்டாயம். தட்டைத் திறக்கும்போது அதன் உட்புறத்தில் கோத்திருக்கும் நீர்த்துளிகளை முகர்ந்து பாருங்கள். டம்ளரில் இருப்பதைவிட அவற்றில்தான் வாசனை தூக்கலாக இருக்கும். ஆவியோடு எழுந்த எண்ணெய் அங்கே படிந்திருப்பதுதான் காரணம். அந்தத் துளிகளைத் தட்டிலிருந்து டம்ளருக்குள்ளேயே வழித்துவிட வேண்டும். இலையைத் தண்ணீரோடு சேர்த்துத் திறந்த பாத்திரத்தில் கொதிக்க வைத்தால் மெந்தால் அடுப்படியெங்கும் பரவிப் போய், டம்ளரில் கசப்புதான் மிஞ்சும்.

பெப்பர்மின்ட் எண்ணெய் குடலின் மென்தசைகளைத் தளர்த்துகிறது என்பது ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்த ஒன்று. எரிச்சல் கொண்ட குடல் நோய்க்கு (ஐபிஎஸ்) அமெரிக்க இரைப்பைக் குடலியல் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் பெப்பர்மின்ட் பரிந்துரையாக இடம்பெற்றிருக்கிறது. சான்றின் வலு குறைவு என்ற குறிப்போடுதான் அது வருகிறது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் தரப்பட்டது குடலில் மட்டும் கரையும்படி உறையிட்ட எண்ணெய் மாத்திரை. எங்கள் வீட்டில் யாரும் அதை எடுத்ததில்லை. இலைத் தேநீர் அதே அளவுக்கு வேலை செய்யும் என்று நான் சொல்ல மாட்டேன். தேநீர் குடித்தால் ஏப்பம் வந்து வயிறு இலேசாகிறது என்பது மட்டும் என் அனுபவம்.

அதே தளர்த்தும் குணம் சிலருக்குத் தீங்காகவும் முடியும். உணவுக்குழாயின் அடியில் உள்ள சுருக்குத்தசையையும் மெந்தால் தளர்த்துவதால், நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் உள்ளவர்களுக்குப் பெப்பர்மின்ட் தேநீர் தொல்லையைக் கூட்டிவிடும். பித்தப்பைக் கல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடர்ந்து எடுக்கக் கூடாது. இன்னொன்றையும் நம் வீட்டுப் பெண்கள் கவனிக்க வேண்டும். சாதாரணத் தேயிலையைப் போலவே இந்தத் தேநீரும் உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்வதைத் தடுக்கிறது. இரத்தசோகைக்கு இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் ஒட்டியே இதைக் குடிக்காமல், ஓரிரு மணிநேரம் இடைவெளி விடுவது நல்லது.

சளி பிடித்த நாட்களில் ஆவி பிடிக்கும் பாத்திரத்தில் ஒரு கைப்பிடி இலையைக் கசக்கிப் போடுகிறோம். மூக்கு திறந்துகொண்டது போன்ற உணர்வு உடனே வரும். உண்மையில் மெந்தால் மூக்கடைப்பைக் கரைப்பதில்லை. காற்று தாராளமாகப் போகிறது என்ற உணர்வைத்தான் தருகிறது. இரவில் தூங்க முடியாமல் தவிக்கிறவருக்கு அந்த உணர்வே பெரிய ஆறுதல்தான். கைக்குழந்தைகளுக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் மெந்தால் உள்ள எதையும் மூக்கருகே கொண்டுபோகவே கூடாது; குரல்வளை இறுகி மூச்சுத் திணறல் ஏற்படும் ஆபத்து இருக்கிறது. பெரியவர்கள் தயங்காமல் பயன்படுத்தும் தைலங்களுக்கும் இது பொருந்தும் என்பதால் வலியுறுத்திச் சொல்கிறேன்.

தலைவலிக்கு இலையை அரைத்து நெற்றியில் பற்றுப் போடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஜெர்மனியில் 10 சதவீதப் பெப்பர்மின்ட் எண்ணெய்க் கரைசலை நெற்றியில் தடவிப் பார்த்த ஆய்வில், இறுக்கத் தலைவலிக்கு அது பாரசிட்டமாலுக்கு ஈடாகப் பயன் தந்தது. அரைத்த இலையில் அந்தச் செறிவு இருக்காது. ஆனாலும் குளிர்ச்சி நிச்சயம். கண்ணருகே படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொசுவும் எலியும் இதன் வாசனைக்கு ஓடிவிடும் என்று சொல்லி இந்தச் செடியை விற்கிறார்கள். எங்கள் மாடியில் தொட்டியைச் சுற்றிக் கொசு குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

எண்ணெயே கடையில் கிடைக்கும்போது செடி ஏன் என்றும் கேட்கலாம். நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்பு என்று கண்ணாடி ஊசிகளைப் போல விற்கப்படும் படிகம் மெந்தால்தான். ஓம உப்பு, கற்பூரம் ஆகியவற்றோடு அதைச் சேர்த்தால் மூன்றும் தாமாகவே இளகித் தைலமாகிவிடும். இந்தியாவில் அந்த மெந்தால் பெரும்பாலும் பெப்பர்மின்ட்டிலிருந்து வருவதில்லை. உத்தரப் பிரதேசத்தில் பாராபங்கி போன்ற மாவட்டங்களில் பெரும்பரப்பில் பயிராகும் ஜப்பான் புதினாவிலிருந்து வருகிறது. அந்த எண்ணெயில் மெந்தால் 70 சதவீதத்துக்கும் மேல் இருக்கும். அத்தனை வீரியமான பொருளை வீட்டில் துளிக்கணக்கில் அளந்து கையாள்வது எளிதல்ல, ஒரு துளி கூடினாலும் தோல் எரியும். இலையில் அந்தக் கவலை இல்லை. பத்துக்குப் பதிலாகப் பதினைந்து இலை போட்டுவிட்டால் தேநீர் கொஞ்சம் காரமாகும், அவ்வளவுதான்.

முடிவைத் தீர்மானிக்க வேண்டியது பராமரிப்பு. புதினாச் செடி பட்டுப்போனால் கவலையே இல்லை. கடையில் ஒரு கட்டு வாங்கி, இலையைக் கிள்ளிச் சமைத்துவிட்டு, தண்டுகளைத் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரத்தில் வேர் விட்டுவிடும். பெப்பர்மின்ட்டுக்கு அந்த வசதி கிடையாது. காய்கறிக் கடையில் அது கட்டாக வருவதில்லை. விதை வாங்கலாம் என்றால், பெப்பர்மின்ட் மலட்டுக் கலப்பினம். நம்பத்தக்க விதையே அதில் உண்டாவதில்லை. பெப்பர்மின்ட் விதை என்று பாக்கெட்டில் விற்கப்படுவது எதுவானாலும் அதிலிருந்து முளைப்பது உண்மையான பெப்பர்மின்ட்டாக இருக்க முடியாது. எனவே ஒரு செடியின் தண்டிலிருந்தோ ஓடுதண்டிலிருந்தோ மட்டுமே அடுத்த செடியை உண்டாக்க முடியும். கையிலிருக்கும் செடி போனால் மீண்டும் நர்சரி நர்சரியாகத் தேட வேண்டும்.

நர்சரியிலும் பெயர்ப்பலகையை நம்பி வாங்கக் கூடாது. இலை தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள். பெப்பர்மின்ட் இலைக்குத் தெளிவான சிறு காம்பு இருக்கும். ஸ்பியர்மின்ட் இலை ஏறக்குறையக் காம்பே இல்லாமல் தண்டோடு ஒட்டியிருக்கும். பெப்பர்மின்ட் தண்டில் பெரும்பாலும் கருஞ்சிவப்புச் சாயல் ஓடும், இலையும் சற்றுக் கரும்பச்சையாக இருக்கும். ஓர் இலையைக் கடித்து மென்று, வாயால் காற்றை உள்ளே இழுத்துப் பாருங்கள். தொண்டைவரை சில்லென்று இறங்கவில்லை என்றால் அது வேறு செடி.

வாங்கி வந்த செடிக்குப் பெரிய எதிரி கோடைதான். நீண்ட பகலும் குளிர்ந்த இரவும் உள்ள நாடுகளில் தழைத்த இந்தச் செடி, நம் சமவெளியின் பங்குனி, சித்திரை வெயிலில் வாடி நிற்கும். காலை பத்து மணிவரை வெயில், அதன் பிறகு நிழல் என்று அமையும் இடமே இதற்கு ஏற்றது. அப்படி இடம் இல்லாத மாடிகளில் பாதி வெயிலைத் தடுக்கும் பச்சை நிழல்வலை கட்ட வேண்டும். நாங்கள் பங்குனித் தொடக்கத்திலேயே செடியை நான்கு விரல் உயரத்துக்கு வெட்டிவிட்டு, வெட்டிய இலைகளை நிழலில் உலர்த்திக்கொண்டு, மண்ணின் மேல் காய்ந்த சருகை மூடாக்காகப் பரப்புகிறோம். காலையும் மாலையும் நீர் வேண்டும்; ஆனால் தொட்டியின் அடியில் நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். சித்திரையில் மேற்பகுதி முழுவதும் காய்ந்து கருகிவிட்டாலும் தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். ஈரம் இருந்தால் மண்ணுக்குள் வெண்ணிற ஓடுதண்டுகள் உயிரோடு இருக்கும், முதல் மழைக்குத் துளிர்க்கும். எங்கள் ஊரில் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று மண்ணைச் சீக்கிரம் உலர்த்திவிடுவதால் அந்த மாதங்களிலும் கவனம் தளரக் கூடாது.

ஆண்டுக்கு ஒருமுறை தொட்டி மாற்றுவதும் கட்டாயம். ஓடுதண்டுகள் தொட்டியின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி ஓடி, நடுவில் செடியே இல்லாமல் மொட்டையாகிவிடும், இலையும் சிறுத்துப்போகும். மழை ஓய்ந்த கார்த்திகையில் முழுவதையும் கவிழ்த்து, தடித்த வெண்ணிற ஓடுதண்டுகளை மட்டும் நான்கு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, செம்மண், தேங்காய் நார்த்தூள், மண்புழு உரம் கலந்த புது மண்ணில் இரண்டு விரற்கடை ஆழத்தில் கிடைமட்டமாகப் பதித்தால் தை மாதத்துக்குள் தொட்டி நிறைந்துவிடும். ஆழத்தைவிட அகலமான தொட்டியே இதற்கு நல்லது. புதினாத் தொட்டியைப் பக்கத்தில் வைக்கக் கூடாது. ஒன்றின் தண்டு விளிம்பைத் தாண்டி மற்றதற்குள் இறங்கிவிட்டால், பிறகு எது எதுவென்று பிரிப்பது பெரும்பாடு. வெயில் காலத்தில் இலையின் அடியில் நூலாம்படை போலத் தெரிந்தால் அது செஞ்சிலந்திப் பூச்சி. தண்ணீரை இலையின் அடிப்பக்கம் படும்படி வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பாலும் கட்டுக்குள் வந்துவிடும். வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் சில நாட்களுக்கு இலையைத் தேநீருக்குப் பறிக்க முடியாது.

இவ்வளவு வேலையைச் சொன்ன பிறகும் என் சாய்வு பெப்பர்மின்ட் பக்கமே இருப்பதற்குக் காரணம், அந்த வேலை ஆண்டு முழுவதும் பரவிக் கிடப்பதில்லை என்பதுதான். பங்குனியில் ஒரு வெட்டு, கார்த்திகையில் ஒரு மாற்றுநடவு, கோடையில் நிழல். மற்ற மாதங்களில் புதினாவுக்குச் செய்வதற்கு மேல் இதற்கு எதுவும் செய்வதில்லை. பதிலுக்கு, கடையில் பச்சையாகக் கிடைக்காத ஒன்று வீட்டிலேயே கிடைக்கிறது. தேநீர்ப் பைகளாக விற்கப்படும் உலர் இலையும் மோசமில்லை, ஆனால் பல பைகளில் இலை தூளாகிப் பாதி வாசனை போயிருக்கிறது. எண்ணெய் இலையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய சுரப்பிகளில்தான் இருக்கிறது. இலை நொறுங்கும்போது அவையும் உடைந்துவிடுகின்றன. முழு இலையாக நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத புட்டியில் வைத்து, போடும் நேரத்தில் மட்டும் நொறுக்கினால் அடுத்த கோடைவரை மணம் நிற்கிறது.

இந்தக் கணக்கெல்லாம் சமவெளிக்குரியது. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வெயில் இந்த அளவுக்குத் தொல்லை தராது என்று எதிர்பார்க்கலாம். அங்கு நான் வளர்த்துப் பார்த்ததில்லை. முழு வெயில் மட்டுமே படும் மாடியும், சித்திரையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகும் வழக்கமும் உள்ளவர்கள், வீட்டில் நெஞ்செரிச்சல்காரர்களும் கைக்குழந்தையும் இருப்பவர்கள், தயங்காமல் புதினாவோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்கள் செடி வாங்கிய முதல் மழைக்காலத்திலேயே ஒரு துண்டு ஓடுதண்டைப் பக்கத்து வீட்டுத் தொட்டியிலும் பதித்துவிடுங்கள். கோடையில் உங்கள் செடி போய்விட்டாலும் அடுத்த நடவுக்கு அங்கிருந்து தண்டு எடுத்துக்கொள்ளலாம்.