ஃபால்ஷன் நகல் வாள்: உருவம் சரி, தடிமன் சரியில்லை

பெட்டியைப் பிரித்து வாளை உறையிலிருந்து உருவியதும் மனசு நிறைந்துவிட்டது. நேரான முதுகு, நுனியை நெருங்க நெருங்க அகன்றுகொண்டே போகும் அலகு, பித்தளை நிறத்தில் குறுக்குக் காப்பு, கைப்பிடியின் கடைசியில் வட்டமான குமிழ். பல வருடம் படத்தில் மட்டுமே பார்த்த ஃபால்ஷன், இடைக்கால ஐரோப்பாவின் ஒருபக்கக் கூர் வாள், கையில் இருந்தது. ஒரு தடவை வீசிப் பார்த்தேன். நிறுத்த நினைத்த இடத்தில் அது நிற்கவில்லை. நுனி இன்னும் ஒரு சாண் கீழே போய்த்தான் நின்றது. மணிக்கட்டு சுளுக்கிக்கொண்ட மாதிரி வலித்தது.

செய்த நிறுவனத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. ஒரு நிறுவனத்தைக் குறை சொல்லி முடித்துவிடுகிற விஷயமில்லை இது. என்னிடம் உள்ள பதினோரு நகல் வாள்களில் ஏழெட்டில் இதே கோளாறு இருக்கிறது.

எந்திரப் பட்டறையில் பாகங்களின் அளவைச் சரிபார்ப்பது என் வேலை. அதனால் எந்த வாள் வந்தாலும் வெர்னியரையும் தராசையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். இந்த வாளின் எடை 1,720 கிராம். அலகின் நீளம் 73 செ.மீ. காப்பின் அருகே முதுகின் தடிமன் 5.1 மி.மீ., நடுவில் 5, நுனிக்கு ஒரு விரற்கடை முன்னால் 4.8. அதாவது அடியிலிருந்து நுனி வரை ஒரே பட்டை. எடை தாங்கி நிற்கும் சமநிலைப் புள்ளி காப்பிலிருந்து 23 செ.மீ. தள்ளி இருந்தது. அலகின் எடையில் பெரும்பகுதி கைக்கு எட்டாத தூரத்தில் கிடக்கிறது என்று இதற்குப் பொருள்.

இது எந்த வாளைப் பார்த்துச் செய்தது என்பதில் சந்தேகமே இல்லை. இங்கிலாந்தின் டரம் பேராலயத்தில் இருக்கும் காணியர்ஸ் ஃபால்ஷன்தான் இதன் அசல். 13ஆம் நூற்றாண்டு வாள். சாக்பர்ன் என்ற ஊரில் ஒரு நாகத்தைக் கொன்ற வீரனுடையது என்று கதை உண்டு. டரமுக்குப் புதிதாகப் பொறுப்பேற்க வரும் பிஷப்பிடம் கிராஃப்ட் பாலத்தில் இந்த வாளைக் கொடுத்து வரவேற்கும் வழக்கமும் அதற்கு இருக்கிறது. அசலின் குமிழில் ஒரு பக்கம் மூன்று சிங்கங்கள், மறுபக்கம் கழுகு. என் நகலிலும் அவை இருக்கின்றன. ஆனால் வார்ப்பில் கூர்மை போய், சிங்கங்கள் மூன்று மேடுகளாகத் தெரிகின்றன. விரலால் தடவினால்தான் கால் எது, வால் எது என்று பிரித்துச் சொல்ல முடிகிறது.

அசலைப் பற்றி விவரம் தேடும்போது எல்லோரும் அந்தச் சிங்கங்களையும் நாகத்தையும்தான் பேசுவார்கள். எனக்கு அதன் மெல்லிய அலகுதான் பெரிய அதிசயம். அவ்வளவு அகலமான அலகின் முதுகு, நுனிப் பக்கம் 2 மி.மீ.க்கும் குறைவு. மொத்த எடை சுமார் 1.3 கிலோதான். நாரிச் கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கும் தார்ப் ஃபால்ஷன் ஒரு கிலோவைக்கூடத் தொடாது. ஃபால்ஷன் என்றால் கோடாரி மாதிரி கனமாக இருக்கும், கவசத்தைப் பிளக்கும் என்று பலர் நம்புவது இந்தத் தடித்த நகல்களைப் பிடித்துப் பார்த்ததால்தான். அசலில் இருக்கும் அகலமும் மெலிவும் துணியையும் தசையையும் அறுக்கத்தான் பொருந்தும். இரும்புத் தகட்டில் அதை ஓங்கி அடித்தால் கெடுவது வாள்தான்.

அடியிலிருந்து நுனிவரை தடிமன் குறைந்துகொண்டே போவதை வாள்காரர்கள் டிஸ்டல் டேப்பர் என்பார்கள். வாளின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஆனால் அருங்காட்சியகம் வெளியிடும் படத்தில் நீளம் தெரியும், அகலம் தெரியும், தடிமன் தெரியாது. படத்தை வைத்து வாள் செய்கிறவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு இந்த ஒன்றை மட்டும் ஊகிக்க வேண்டியிருக்கிறது. 5 மி.மீ. பட்டையைக் கடையில் வாங்கி, உருவத்தை வெட்டி, விளிம்பைச் சாய்த்துத் தேய்த்தால் வேலை முடிந்தது. பட்டையின் தடிமனையே நுனிவரை இறக்க வேண்டுமென்றால் தேய்க்கும் நேரம் ஏறும், மெலிந்த அலகு சூடேற்றிக் குளிர்விக்கும்போது கோணிக்கொள்ளும், சில அலகுகள் குப்பைக்குப் போகும். எல்லாம் செலவு. இது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் மூன்று சிங்கங்களுக்கு அச்சு செய்யச் செலவழித்த நிறுவனம், அலகுக்கு அதே அக்கறையைக் காட்டியிருக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முடியாத காரியமும் இல்லை. ஸ்வீடனைச் சேர்ந்த வாள் கொல்லர் பீட்டர் ஜான்சன் அருங்காட்சியகங்களுக்கே போய் அசல் வாள்களை அளந்து, அந்த அளவுகளை வைத்து ஆல்பியன் நிறுவனத்துக்கு வாள்களை வடிவமைத்துக் கொடுத்தார். அந்த வரிசையில் ஒன்றை நண்பர் வீட்டில் ஒருமுறை பிடித்துப் பார்த்தேன். அதற்கப்புறம்தான் என் வாள்களில் என்ன குறை என்று எனக்கு விளங்கியது.

சரி, இந்த ஃபால்ஷனில் நல்லது எதுவுமே இல்லையா? இருக்கிறது. எஃகைப் பதப்படுத்திய விதம் நன்றாக இருக்கிறது. நுனியை மரக்கட்டையில் ஊன்றி வளைத்தேன். விட்டதும் நூல் பிடித்த மாதிரி நேராகிவிட்டது. கைப்பிடிக்குள் போகும் வால் அகலமானது. அதன் கடைசியைக் குமிழுக்கு மேலே அடித்துப் பரப்பியிருக்கிறார்கள். நட்டு போட்டு முறுக்கிய வேலை இல்லை. தோல் சுற்றின் தையலும் நெருக்கமாக இருக்கிறது. எட்டு மாதத்தில் ஒரு ஆட்டம்கூட வரவில்லை.

இந்த நல்ல எஃகை நம்பித்தான் அடுத்த காரியத்தில் இறங்கினேன். பட்டறையில் என்னுடன் வேலை செய்யும் தம்பி ஒருவன் வாளைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, முனை கீழ இழுக்குது. கொஞ்சம் இறக்கிப் பார்ப்போமா?" என்றான். வேலை முடிந்தபின் தினமும் அரை மணி நேரம், பெல்ட் கிரைண்டரில் இரண்டு பேரும் மாறி மாறித் தேய்த்தோம். கையுறை போடாமல்தான் பிடித்தோம், சூடு உடனே தெரிய வேண்டும் என்பதற்காக. விரலுக்குச் சுட ஆரம்பித்தால் உடனே தண்ணீர். எஃகு நீலம் பாய்ந்துவிட்டால் பதம் போய்விடும், அப்புறம் எவ்வளவு அழகாகத் தேய்த்தும் பயனில்லை. ஐந்து செ.மீ.க்கு ஒரு கோடு மார்க்கரில் போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் என்ன தடிமன் வர வேண்டும் என்று அலகின் மேலேயே எழுதி வைத்தோம். தேய்க்கத் தேய்க்க எழுத்து அழியும், மறுபடி எழுதுவோம். ஆறு வாரம் ஆனது.

கடைசியில் நுனித் தடிமன் 1.9 மி.மீ.க்கு வந்தது. எடை 1,345 கிராம். சமநிலைப் புள்ளி 16 செ.மீ.க்கு இறங்கியது. நேர்வாளோடு ஒப்பிட்டால் இது இன்னும் முன்பாரம்தான். ஃபால்ஷனுக்கு அப்படி இருக்கலாம். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டிலை முன்பு வெட்டியபோது பாட்டில் பறந்து போய் விழும். இப்போது மேல் பாதி மட்டும் சரிந்து விழுந்தது, கீழ் பாதி நின்ற இடத்திலேயே தண்ணீரோடு நின்றது. தம்பி அதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

இதையெல்லாம் வாங்குபவர் செய்ய வேண்டியதில்லை. தொழிற்சாலையே செய்து தர வேண்டும். தனியாகச் சொல்லிவைத்து, காத்திருந்து, சரியான அளவில் செய்து வாங்குவது வேறு. நான் கேட்பது வரிசையாகச் செய்து விற்கும் வாள்களில் இந்த அக்கறை.

ஃபால்ஷனுக்கு அடுத்து என் மனதில் இருப்பது தல்வார், நம் நாட்டு வளைந்த வாள். நகல் தல்வார் எக்கச்சக்கமாகக் கிடைக்கிறது, ஆனால் கைப்பிடியைப் பெரிதாக்கிவிடுகிறார்கள். பழைய தல்வாரைப் பிடித்தால் நான்கு விரலும் இறுக்கமாக அடங்கும், பின்னால் இருக்கும் தட்டு மணிக்கட்டில் வந்து முட்டும். அந்தத் தட்டு முட்டுவதால்தான் கையை நீட்டிக் குத்துவதைவிட இழுத்து அறுக்கும் வீச்சு இயல்பாக வருகிறது. பிடியைப் பெரிதாக்கினால் வாளின் பாணியே மாறிப்போகிறது. இன்னொன்று, அசலில் அலகின் வால் குட்டையாக இருக்கும். உருக்கிய அரக்கை உள்ளே ஊற்றி அதில்தான் அலகை நிறுத்துவார்கள். நகலில் வாலைப் பற்றவைத்தோ திருகியோ வைக்கிறார்கள். அரக்கு என்றால் ஆடிப்போய்விடும் என்று வாங்குபவர்கள் பயப்படுவார்களாம். போர்வீரர்கள் நம்பிய பிடியை நாம் ஏன் நம்பக்கூடாது? ஆடினால் சூடுபண்ணி மறுபடி இறுக்கிக்கொள்ளலாம் என்பதுதானே அதன் வசதி.

ஊட்ஸ் எஃகைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு வகை எஃகை மடித்து அடித்து, அமிலத்தில் கோடு எடுத்து, அதை டமாஸ்கஸ் என்று விற்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் மூசையில் உருக்கி எடுத்த ஊட்ஸ் எஃகில் கோலம் உள்ளிருந்தே வரும். அந்தப் பெயரே 'உக்கு' என்ற நம் பக்கத்துச் சொல்லிலிருந்து போனது என்பார்கள். அந்த எஃகில் ஒரு தல்வார் அலகு, வரிசைத் தயாரிப்பில் வரட்டும்.

அப்புறம் பழைய சீனாவின் யுவே நாட்டு அரசன் கோஜியானின் வாள். சீனாவின் ஹூபேயில் 1965-ல் ஒரு கல்லறையில் கிடைத்தது. இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் மண்ணில் இருந்தும் கூர்மை கெடாத வெண்கல வாள். நீளம் 55.7 செ.மீ., எடை 875 கிராம். அலகு முழுக்கச் சாய்சதுரக் கோலம், அதன் மேல் எட்டு எழுத்து. இதன் நகல்களில் நான் பார்த்தவை எல்லாம் எஃகுத் தகட்டில் கோலத்தை அச்சடித்தவை. அதைத் தட்டினால் எஃகின் ஓசைதான் வருகிறது. இந்த வாளை வெண்கலத்தில் வார்த்து, விளிம்பைச் சுத்தியலால் தட்டி இறுக்கித் தர யாராவது முன்வர வேண்டும். குமிழின் அடியில் உள்ள பதினோரு வளையங்களை மெல்லிய சுவர்களாக வார்ப்பது கடினம் என்று தெரியும். இரண்டு வளையம் குறைந்தாலும் பரவாயில்லை, உலோகம் வெண்கலமாக இருக்கட்டும்.

இந்த ஃபால்ஷனை வாங்கலாமா என்றால், சுவரில் மாட்ட வாங்கலாம். வீசிப் பழகவோ வெட்டிப் பார்க்கவோ என்றால், கிரைண்டர் வைத்திருப்பவர் மட்டும் வாங்குங்கள். கோடு கோடாக நாங்கள் எடுத்த தடிமன் அட்டவணையை, வாளைச் செய்த நிறுவனத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த தயாரிப்பில் அந்த அளவுக்கு அலகை இறக்கினால் இன்னொன்று வாங்கிக்கொள்கிறேன் என்றும் எழுதினேன். குமிழில் சிங்கமும் கழுகும் இல்லாமல் வெறும் வட்டமாக இருந்தாலும் எனக்குச் சம்மதம்.