முக வறட்சிக்குன்னு க்ரீம் வாங்கி 1,850 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

இதை எழுதும்போதே கன்னம் எரிகிறது, அதனால் பேச்சும் கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும்.

எனக்கு 53 வயது. மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கல்லாவில் உட்கார்கிறேன், நாள் முழுக்க ஏசி நேராக முகத்தில் அடிக்கும். மாதவிலக்கு நின்ற பிறகு தோலில் எண்ணெய்ப் பசையே குறைந்துபோய், மத்தியானத்துக்குள் மூக்கோரம் செதில் செதிலாக உரிகிறது, சிரித்தால் கன்னம் இழுக்கிறது. வைகாசியில் அண்ணன் மகள் கல்யாணம் வேறு.

அப்போதுதான் போனில் ஒரு வீடியோ. இயற்கை அழகுப்பொருள் விற்கிற ஒரு பக்கம், கடை கிடையாது, வாட்ஸ்அப் எண் மட்டும். ஷியா பட்டர் என்கிற கொட்டைக் கொழுப்பு, ஆர்கன் எண்ணெய், கற்றாழை போட்ட க்ரீமாம், கெமிக்கலே இல்லையாம்.

நான் சட்டென்று ஏமாறுகிற ஆளில்லை, கள்ள நோட்டைத் தடவியே சொல்லிவிடுவேன். பிடிக்காவிட்டால் பணம் திரும்ப வருமா என்று கேட்டேன். பதிலுக்கு வாய்ஸ் மெசேஜ். பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது, ஒரு குழந்தை அழுகிறது, நடுவில் அந்தப் பெண், "அம்மா, எங்கம்மாவுக்கும் உங்க வயசுதான், அவங்களுக்குன்னு வீட்ல செஞ்சதும்மா, பிடிக்கலன்னா ஒரு போன் போடுங்க, மறுநாளே பணம் போட்டுவிட்டுர்றேன்" என்கிறாள். அந்தக் குக்கர் சத்தத்தில்தான் விழுந்தேன். கைக்குழந்தையோடு அடுப்படியில் நிற்கிற பிள்ளை பொய் சொல்லுமா? 1,850 ரூபாயை அப்போதே அனுப்பிவிட்டேன்.

ஒன்பது நாள் கழித்து 50 கிராம் டப்பா வந்தது. உள்ளே மணி மணியாகத் திரண்டிருந்தது. ஷியா பட்டர் நம்ம ஊர் வெயிலில் உருகி மெதுவாக ஆறினால் அப்படித்தான் ஆகுமாம், சரி, அதைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் வாடை! மூடியைத் திறந்ததும் மாமியார், "ஏத்தா, காறல் வாடை அடிக்குது, இதையா மூஞ்சில பூசப்போற?" என்றார். பூசினேன், காசு கொடுத்தாயிற்றே.

மூன்றாம் நாள் கன்னம் சிவந்து, தாடையோரம் பொரிப்பொரியாகக் கிளம்பிவிட்டது. ஈரக்கையோடு டப்பாவை எடுத்தால் லேபிள் வழுக்கிக்கொண்டு கையோடு வருகிறது. அடியில் இன்னொரு லேபிள். அதில் போட்டிருந்த தேதி முடிந்து ஐந்து மாதம்!

போட்டோ அனுப்பினேன். "உள்ள இருக்கிற அழுக்கு வெளிய வருதும்மா, பத்து நாள் பொறுங்க." தோல் டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னார் என்றேன். "பார்சல் பிரிச்ச வீடியோ இருக்கா?" இரண்டு லேபிள் எப்படி வந்தது என்றேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. என் 1,850 ரூபாய் என்னாச்சு என்று மறுபடி கேட்டதற்கு, திறந்த டப்பாவுக்குப் பணம் தருவதில்லையாம். திறக்காமல் பூச நான் என்ன மந்திரவாதியா? முந்தாநாள் என்னை ப்ளாக் செய்துவிட்டார்கள். டாக்டருக்கும் மருந்துக்கும் 900 தனி. 1,850 என்பது எனக்குக் கிட்டத்தட்ட நாலு நாள் சம்பளம்.

வறண்ட தோலுக்கு எப்படிப் பார்த்து வாங்குவது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இந்தக் கோபத்தில் ஓடவில்லை. டப்பாவில் தயாரிப்பவர் முகவரி, உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி இல்லாவிட்டால் தொடாதீர்கள், சட்டப்படி இருந்தாக வேண்டும். லேபிளைச் சுரண்டியும் பாருங்கள். முதலில் முழங்கை உள்பக்கம் தடவி இரண்டு நாள் விடுங்கள். பணத்தை முன்னாடியே அனுப்பாதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் புகார் கொடுத்துவிட்டேன். டாக்டர் வாசனையில்லாத சாதாரண க்ரீம்தான் எழுதினார், முகம் கழுவிய ஈரத்தோடு பூசச் சொன்னார், 210 ரூபாய்.

நேற்று அண்ணன் மகளை விட்டு அதே எண்ணில் விலை கேட்கச் சொன்னேன். அவளுக்கு வயது 24. இரண்டே நிமிஷத்தில் வாய்ஸ் மெசேஜ் வந்தது: குக்கர் விசில், குழந்தை அழுகை, "அம்மா, எங்கம்மாவுக்கும் உங்க வயசுதான்..."