கிருஷ்ணகிரியில் மூன்று படங்கள்: விடுமுறையில் திரையரங்கு சென்ற அனுபவம்

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் அருகே வசிக்கும் எங்களுக்குத் தமிழ்ப் படம் என்பது ஒரு சனி, ஞாயிறோடு முடிந்துவிடும் சங்கதி. ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் போய், ஆளுக்குப் பதினெட்டு யூரோ கொடுத்துப் பார்க்க வேண்டும். அந்த வாரம் தவறினால் பிறகு ஓடிடியில்தான். ஆகவே 2025 ஜூலைக் கடைசியில் நான்கு வார விடுப்பில் கிருஷ்ணகிரி வந்தபோது, உறவினர் வீடுகளுக்குச் செல்லும் பட்டியலுக்கு இணையாகப் படங்களின் பட்டியலும் என்னிடம் இருந்தது.

ஜூலை 25 அன்று ஒரே நாளில் வெளியான இரண்டு படங்களில் 'மாரீசன்' மீதுதான் எனக்கு எதிர்பார்ப்பு அதிகம். 'மாமன்னன்' படத்தில் எதிரெதிராக நின்ற வடிவேலுவும் பகத் பாசிலும் இதில் ஒரே பைக்கில் நாகர்கோவிலிலிருந்து திருவண்ணாமலைக்குப் பயணம் செய்கிறார்கள். ஒருவர் மறதி நோயுள்ள முதியவர், மற்றவர் அவருடைய வங்கிப் பணத்துக்குக் குறிவைக்கும் திருடன். இரண்டாவது வாரத்தில் ஒரு மாலைக் காட்சிக்கு மச்சானும் நானும் போனபோது அரங்கில் முப்பது பேர்கூட இல்லை. ஏ.சி. போட்டிருக்கிறார்களா என்று கேட்டதற்கு, "கூட்டம் சேரட்டும் சார், போட்டுடறோங்க" என்று பதில் வந்தது. கூட்டம் சேரவில்லை, இடைவேளைக்குப் பிறகு காற்று மட்டும் கொஞ்சம் வந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது திரையில் வெளிச்சம் போதாததுதான். புரொஜெக்டரின் விளக்கு பழையதாகி ஒளி குன்றிப்போயிருந்ததால், இரவுக் காட்சிகளில் யார் முகத்தில் என்ன உணர்ச்சி ஓடுகிறது என்பதே தெரியவில்லை. வடிவேலு சிரிப்பு மூட்டாமல், கண்ணாலும் தயக்கத்தாலுமே நடிக்கும் ஒரு படத்தில் முகம் தெரியாமல் போவது எவ்வளவு பெரிய நஷ்டம்! முதல் பாதியில் அந்த இருவரின் பேச்சும் பயணமும் நான் எதிர்பார்த்ததற்குச் சற்று மேலேயே இருந்தன. இரண்டாம் பாதியில் படம் வேறு வகைக்கு மாறி, நாம் பலமுறை பார்த்துவிட்ட பாதையில் போய்ச் சேர்ந்தது. என் ஏமாற்றத்தில் இயக்குநருக்கு எத்தனை பங்கு, அந்த விளக்குக்கு எத்தனை பங்கு என்று இன்றுவரை என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

'தலைவன் தலைவி'க்கு எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல், அம்மா கேட்டார் என்பதற்காகவே குடும்பத்தோடு வேறொரு திரையரங்குக்குப் போனோம். இருக்கைகள் புதியவை, கழிப்பறை சுத்தம், வண்டி நிறுத்தவும் இடம் இருந்தது. ஆனால் இங்கே ஒலி வேண்டிய அளவுக்கு மேல். பாண்டிராஜின் அந்தப் படத்தில் பரோட்டாக் கடைக்காரரான விஜய் சேதுபதியும் நித்யா மேனனும் மட்டுமல்லாமல் இரு வீட்டாரும் சேர்ந்து கத்துகிறார்கள் என்பதால், பாதிப் படத்தில் என் மகள் காதைப் பொத்திக்கொண்டாள். கணவன் மனைவி சண்டையைச் சத்தமாகவே சொல்லிச் சிரிக்க வைப்பது என்ற ஒரே உத்தியில் படம் நிற்கிறது. மனைவி பட்ட காயங்களை அது சற்று எளிதாகக் கடந்துபோகிறது என்பது என் குறை. எனினும் அரங்கு நிறைந்த குடும்பங்கள் விழுந்து விழுந்து சிரித்தன. வெளியே வரும்போது அம்மா, "நம்ம வீட்டுச் சண்டைய டிக்கெட் எடுத்துப் பாத்துட்டு வரோம்" என்றார். குறையாகச் சொன்னாரா பாராட்டாகச் சொன்னாரா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஆனால் மறுநாள் அத்தையிடம் தொலைபேசியில் முழுக் கதையையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது, 'கூலி'. ரஜினிகாந்தின் முதல் படமான 'அபூர்வ ராகங்கள்' 1975 ஆகஸ்ட் 15 அன்று வெளிவந்தது. சரியாக ஐம்பது ஆண்டு நிறையும் தறுவாயில், ஆகஸ்ட் 14 வியாழக்கிழமை இது வந்தது. தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான் என்பதால், ஓசூரில் இருக்கும் சித்தப்பா மகன் பொறுமையின்றி எல்லை தாண்டிப் பெங்களூரு பக்கம் போய் விடியற்காலையிலேயே பார்த்துவிட்டான். போகும் வழியில் எங்களுக்குத் தகவல் வேறு அனுப்பினான். ஜூன் மாதம் 'தக் லைஃப்' கர்நாடகத்தில் வெளியாகாதபோது அங்குள்ள ரசிகர்கள் ஓசூருக்கு வந்து பார்த்தார்களாம். அதற்கு இது பதில் மரியாதை என்று சிரித்தான்.

முன்பதிவுச் செயலி இரண்டு முறை உறைந்து நின்ற பிறகு நான்கு டிக்கெட்டுகள் கிடைத்தன. கட்டணத்தோடு வசதிக் கட்டணம் என்ற பெயரில் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் தனியாக வசூலித்தார்கள்; என்ன வசதி என்பதை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். உண்மையான சிக்கல் வாசலில்தான் காத்திருந்தது. படத்துக்கு 'ஏ' சான்றிதழ். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. "தம்பிய விட முடியாதுங்க சார், தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார் டிக்கெட் கிழிப்பவர். அவர் செய்தது சரியே. அதை முன்பதிவின்போதே பெரிய எழுத்தில் சொல்லியிருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும். மச்சான் என் மகனை அழைத்துக்கொண்டு வீடு திரும்ப, அந்த இரண்டு டிக்கெட்டுகளையும் வெளியே நின்ற இரண்டு இளைஞர்கள் அதே விலைக்கு வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் அமர்ந்தார்கள்.

அவர்கள் அமர்ந்தார்கள் என்று சொல்வது தவறு. பெரும்பாலும் நின்றுகொண்டே இருந்தார்கள். ரஜினி தோன்றிய முதல் நொடியிலிருந்து விசில். 1986-இல் வந்த 'மிஸ்டர் பாரத்'துக்குப் பிறகு சத்யராஜும் ரஜினியும் சேர்வதற்கு ஒரு விசில், 'மோனிகா' பாட்டில் மலையாள நடிகர் சௌபின் ஷாஹிர் ஆடியதற்கு ரஜினிக்கு இணையான விசில். சௌபினின் வில்லத்தனம் எதிர்பாராத நல்ல விஷயம். நாகார்ஜுனாவுக்கு உடையும் தோரணையும் கொடுத்த அளவுக்குக் காரணம் கொடுக்கப்படவில்லை. கடைசியில் வரும் ஆமிர்கான் வராமலே இருந்திருக்கலாம். லோகேஷ் கனகராஜ் படம் என்றால் திரைக்கதையின் இறுக்கத்தை எதிர்பார்த்துப் போவேன். அது இங்கே தளர்ந்திருந்தது. ஆனாலும் அன்று வெளியே வரும்போது எனக்குக் குறையே தோன்றவில்லை. படமும் வெளிச்சமாக இருந்தது, ஒலியும் அளவாக இருந்தது, ஏ.சி. நடுங்க வைத்தது. முதல் நாள் கூட்டத்துக்குத் திரையரங்குகள் காட்டும் அக்கறையில் பாதியை இரண்டாவது வாரத்து முப்பது பேருக்குக் காட்டினால், 'மாரீசன்' போன்ற படங்கள் இன்னும் ஒரு வாரமாவது தாங்கியிருக்கும்.

நாங்கள் ஜெர்மனி திரும்பிய பிறகு, வெளியாகி நான்கே வாரத்தில், செப்டம்பர் 11 அன்று 'கூலி' ஓடிடிக்கு வந்துவிட்டது. மகன் உறங்கிய பின் ஒலியைக் குறைத்து வைத்து மறுபடி பார்த்தேன். இளவயது ரஜினி வரும் பழைய காலத்துக் காட்சியில், கிருஷ்ணகிரியில் விசிலுக்கு நடுவே காதில் விழாமல் போன வசனங்கள் அத்தனையும் இப்போது தெளிவாகக் கேட்டன. அன்று கேட்காமல் இருந்ததே நல்லது என்று மச்சானுக்கு அந்த இரவே செய்தி அனுப்பினேன்.