மீன் கழிவில் செய்த உரம்: எட்டு மாதம் பயன்படுத்திய பின்

சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் வெட்டித் தரும் பெண்களிடமிருந்து குடல், செவுள், தலை ஆகியவற்றை அன்றன்றே வாங்கி, சம எடை நாட்டுச் சர்க்கரையுடன் ஊறவைத்து மீன் அமிலமாக விற்கும் ஒரு சிறு வியாபாரியிடம் எட்டு மாதங்களாக என் மாடித் தோட்டத்துக்கு உரம் வாங்கி வருகிறேன். லிட்டர் 180 ரூபாய். பழைய பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 20 ரூபாய் குறைத்துக்கொள்கிறார்.

மீனை வெட்டினால், வகையைப் பொறுத்து, எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கழிவாகிறது. அது சாக்கடையில் கலந்தால் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். குப்பை வண்டியில் ஏறினால் கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கில் அழுகி மீத்தேனாகும். அந்தக் கழிவு என் கறிவேப்பிலைத் தொட்டிக்கு வந்து சேர்வதே இந்த உரத்தை வாங்க எனக்கு முதல் காரணம்.

பலனிலும் குறையில்லை. ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வீதம் கலந்து, பத்து நாளுக்கு ஒருமுறை மாலையில் தெளித்தேன். வெளுத்துக் கிடந்த கறிவேப்பிலை மூன்றாவது தெளிப்புக்குப் பின் கரும்பச்சையாகத் துளிர்த்தது. கத்தரியில் அவ்வளவு வேறுபாடு தெரியவில்லை. மண்ணில் ஊற்றிய அன்று மட்டும் எதிர்வீட்டுப் பூனை வந்து தொட்டியைத் தோண்டிவிட்டதால், இப்போது இலையில் தெளிப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நன்றாகப் பக்குவப்பட்ட மீன் அமிலத்தில் மீன் வாடை இராது. கனிந்த பழத்தின் புளிப்பு மணமே வரும். ஆனால் மே மாதம் வாங்கிய பாட்டில் உப்பியிருந்தது, திறந்தபோது அழுகல் நாற்றம் அடித்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கழிவு வரத்து குறைந்து, சில நாள் சேர்த்துவைத்த சரக்கில் செய்ததாக அவரே ஒப்புக்கொண்டு வேறு பாட்டில் கொடுத்தார். கழிவு பழையதானாலோ, சர்க்கரையைக் குறைத்தாலோ நொதிப்பதற்கு முன்பே அழுகல் முந்திக்கொள்ளும். ஆகவே தயாரித்த தேதியைப் பாட்டிலில் அச்சிடாதது சிறிய குறையல்ல.

சர்க்கரையின் விலைதான் இந்த முறையின் எல்லை. டன் கணக்கில் கழிவு சேரும் பதப்படுத்தும் ஆலைக்கு இது கட்டுப்படியாகாது. அங்கே கழிவை அரைத்து, நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு பார்மிக் அமிலம் சேர்த்துக் கூழாக்கி, தீவனத்துக்கு அனுப்புவதே பொருத்தம். இறால் ஓட்டிலிருந்து, அதற்கு உறுதி தரும் கைட்டின் என்ற நார்ப்பொருளை எடுப்பது அதைவிட லாபமானது என்றாலும், அதற்குச் செலவாகும் அமிலமும் காரமும் தனிக் கழிவுநீராக மிஞ்சும்.

தடைக்காலத்தில் புதிதாக வாங்க நினைப்பவர்கள் ஜூலை நடுப்பகுதி வரை பொறுத்திருங்கள். தடை முடிந்து வரும் முதல் கழிவு ஊறிப் பக்குவப்பட நான்கு வாரமாவது வேண்டும்.