காப்பி ஆற்றும் காட்சிக்குப் பிளெண்டர் போதுமா?

விலையின்றிக் கிடைக்கும் திரவ சிமுலேஷன் (திரவத்தின் அசைவைக் கணக்கிட்டுக் காட்டும்) கருவிகளில், பிளெண்டர் என்னும் முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளில் உள்ளதே எனக்குத் தெரிந்தவரை மிகத் தகுதியானது. ஆனால், அது முதலில் காட்டும் அமைப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குபவருக்குத் தம்ளரின் சுவரைத் தாண்டி ஒழுகும் காப்பியும், காரணமின்றி நடுங்கும் மேற்பரப்புமே கிடைக்கும். 2020 பிப்ரவரியில் வெளியான 2.82 பதிப்பிலிருந்து இதற்குள் இயங்குவது மான்டாஃப்ளோ என்னும் எஞ்சின். பெங்களூரில் சிறிய விளம்பரங்களுக்கு அனிமேஷன் செய்யும் எனக்கு, டபராவிலிருந்து தம்ளருக்கு ஃபில்டர் காப்பியை உயரத் தூக்கி ஆற்றும் காட்சி அடிக்கடி வரும் வேலை. மெல்லிய பாத்திரம், மெல்லிய தாரை, நீண்ட வீழ்ச்சி என்னும் மூன்றும் சேர்ந்து எஞ்சினின் வலுவற்ற இடங்களையெல்லாம் தொட்டுவிடுவதால், அந்தக் காட்சியை வைத்தே இதை மதிப்பிடுகிறேன்.

பிழை எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டியது ஒரு கட்டத்தின் அளவைத்தான். மான்டாஃப்ளோ, டொமைன் எனப்படும் பெட்டியைச் சிறு கனசதுரக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகிறது; ரெசல்யூஷன் என்று நாம் கொடுக்கும் எண், பெட்டியின் மிக நீண்ட பக்கம் எத்தனை கட்டங்களாகப் பிரிக்கப்படும் என்பதைக் குறிக்கிறது. தொடக்க மதிப்பு 32. காப்பி ஆற்றுவதற்கு 60 செ.மீ. உயரமுள்ள பெட்டி வைத்தால் ஒரு கட்டம் ஏறத்தாழ 19 மி.மீ. ஆகிவிடும், தம்ளரின் சுவரோ 1 மி.மீ.கூடத் தேறாது. அந்தச் சுவர் இருப்பதையே எஞ்சின் சரியாக உணராதபோது, காப்பி வெளியே வருவதில் வியப்பில்லை. எண்ணை 256 ஆக உயர்த்தினாலும் கட்டம் 2.3 மி.மீ. அளவில்தான் நிற்கும். ரெசல்யூஷனை இருமடங்காக்கினால் கட்டங்கள் எட்டு மடங்காகும் என்பதால், எண்ணை ஏற்றிக்கொண்டே போவது வழியாகாது.

ஒழுகலுக்கு நம்பகமான தீர்வு, கண்ணுக்குத் தெரியும் தம்ளரை மோதலுக்குப் பயன்படுத்தாமல் இருப்பதுதான். உட்புற வடிவம் அதே அளவில் இருக்க, வெளிப்புறம் மட்டும் மூன்று நான்கு கட்டங்களின் கனத்துக்குத் தடித்த வேறொரு தம்ளரைச் செய்து, அதை எஃபெக்டராக (திரவம் மோதும் தடையாக) வைத்து, ரெண்டரில், அதாவது இறுதிப் படத்தில், மறைத்துவிட வேண்டும். எஃபெக்டர் அமைப்பில் உள்ள சர்ஃபேஸ் திக்னஸ் என்னும் மதிப்பைக் கூட்டியும் ஒழுகலை நிறுத்தலாம். ஆனால் அது உட்புறத்திலும் இடத்தை எடுத்துக்கொள்வதால், காப்பிக்கும் உலோகத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியத் தொடங்கும். கேமரா நெருங்கி நிற்கும் விளம்பரத்தில் அதை மறைக்க முடியாது. டொமைனுக்கும் பாத்திரங்களுக்கும் ஸ்கேலை அப்ளை செய்துவிட்டோமா (அளவு மாற்றத்தை வடிவத்திலேயே பதித்துவிட்டோமா) என்பதையும் இந்த நேரத்திலேயே சரிபார்ப்பது நல்லது.

அடுத்தது வேகம். பிளெண்டர் திறந்தவுடன் வரும் கனசதுரம் 2 மீட்டர் அகலமுள்ளது; அதன் அருகே வைத்துத் தம்ளரைச் செய்பவர்கள் பெரும்பாலும் அசலைவிடப் பத்து மடங்கு பெரிதாகச் செய்துவிடுகிறார்கள். 60 செ.மீ. வீழ்ச்சிக்கு 0.35 வினாடி, அதாவது நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் எட்டு ஃபிரேம் ஆகும். அதே காட்சி 6 மீட்டராக இருந்தால் 26 ஃபிரேமுக்கு மேல் ஆகிவிடும். காப்பி அப்போது கண்ணம்பாடி அணையின் மதகு நீரைப் போல மெதுவாக இறங்கும். பாகுத்தன்மையை மாற்றி இதைச் சரிசெய்ய முயல்வது வீண். உண்மை அளவுக்குச் சுருக்க முடியாவிட்டால், சிமுலேஷனின் கால வேகத்தைக் குறிக்கும் டைம் ஸ்கேலைப் பத்தின் வர்க்கமூலமான 3.16 அளவுக்கு உயர்த்தினால் வேகம் சரியாகிவிடும்.

மேற்பரப்பு நடுக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும், திரவத்தைத் துகள்களும் கட்டங்களும் சேர்த்துக் கணக்கிடும் ஃபிளிப் முறையின் இயல்பே. துகள்களின் ஆற்றலைக் காத்து நன்றாகத் தெறிக்கவிடும் அந்த முறை, அடங்க வேண்டிய நேரத்திலும் இரைச்சலை விட்டுவைக்கும். 2.92 பதிப்பில் சேர்க்கப்பட்ட ஏபிக் என்னும் மாற்றுக் கணக்கீட்டு முறைக்கு மாறினால், தம்ளருக்குள் சுழலும் காப்பி தன் சுழற்சியை இழக்காமலேயே அமைதியாகத் தெரிகிறது. இந்தக் காட்சிக்கு நான் வேறொன்றைப் பரிந்துரைக்க மாட்டேன். திரவத்தின் மேற்பரப்பை வழவழப்பாக்கும் மெஷ் ஸ்மூத்திங்கை மிகுதியாக ஏற்றி நடுக்கத்தை மறைப்பவர்களும் உண்டு. அவ்வாறு செய்தால் தாரை நூலாகிக் கடைசியில் அறுந்துவிடும். டபரா வேகமாகச் சாயும்போது தாரை துண்டு துண்டாக விழுந்தால், திரவத்தை ஊற்றும் ஃப்ளோ பொருளின் சாம்பிளிங் சப்ஸ்டெப்பையும் (அதன் இடத்தை ஒரு ஃபிரேமுக்குள் எத்தனை முறை பார்ப்பது என்பதையும்), ஒரு ஃபிரேமுக்கான குறைந்தபட்ச டைம்ஸ்டெப்பையும் (கணக்கீட்டுப் படிகளையும்) கூட்ட வேண்டும். காப்பியின் அளவு குறைந்துகொண்டே வந்தால் பார்ட்டிகிள் ரேடியஸை (துகளின் ஆரத்தை) சற்று ஏற்ற வேண்டும், பெருகினால் இறக்க வேண்டும்.

மதிப்புகளை மாற்றியும் படம் மாறவில்லையென்றால் முன்பு கணக்கிட்டுச் சேமித்த பழைய கேஷ் அங்கேயே இருக்கிறது என்று பொருள். அதை அழித்துவிட்டு மீண்டும் பேக் செய்வதே (கணக்கிட்டுச் சேமிப்பதே) வழி. ரிஸ்யூமபிள் என்னும் தேர்வை முன்பே இயக்கி வைத்தால் பேக்கை இடையில் நிறுத்தித் தொடரலாம். யுபிஎஸ் சில நிமிடங்களே தாங்கும் வீடுகளில் இது பெரிய உதவி. பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் சந்தையான எஸ்.பி. ரோட்டில் விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினால் பேக் விரைவாகும் என்று நம்புபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: மான்டாஃப்ளோ முழுவதும் சிபியுவில்தான் கணக்கிடுகிறது. கார்டு ரெண்டருக்கு மட்டுமே பயன்படும், பணம் இருந்தால் முதலில் கோர்களுக்கும் நினைவகத்துக்கும் செலவிடலாம்.

தம்ளர் அளவிலான காட்சிகளுக்கு, மேலே சொன்ன கணக்கைப் போட்டுக்கொள்ளப் பொறுமை உள்ளவருக்கு, பிளெண்டரை நான் தயக்கமின்றிச் சொல்வேன். உயரத் தூக்கி ஆற்றுவதை ஒரே ஷாட்டில் காட்டியே ஆக வேண்டும் என்று வாடிக்கையாளர் பிடிவாதமாக இருந்தால், ஹூடினி என்னும் விஷுவல் எஃபெக்ட்ஸ் மென்பொருள் தெரிந்த ஒருவரிடம் அந்த ஷாட்டை ஒப்படைப்பது மேல். ஷாட்டை இரண்டாக வெட்ட அனுமதி கிடைத்தால், தாரைக்கு ஒரு குறுகிய டொமைனும் தம்ளருக்கு ஒரு சிறிய டொமைனும் வைத்து இங்கேயே முடித்துவிடலாம்.