மதுரையில் அம்மாவோடு: கோயில், வங்கி, தபால்காரர்

நவம்பரில் சிங்கப்பூரிலிருந்து நேர் விமானத்தில் மதுரை போனேன். விமான நிலையத்தில் வேலை சீக்கிரம் முடிந்தது, அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை. ஊரில் எங்கே போனாலும் எழுபதைக் கடந்த அம்மா கூடவே வந்தார். அதனால் ஒவ்வொரு இடத்திலும் ஒன்றைத்தான் கவனித்தேன்: நான் இல்லாத நாளில் அம்மா இங்கே தனியாக வந்து போக முடியுமா?

மீனாட்சியம்மன் கோயிலில் முடியும். சித்திரை வீதிகளுக்குள் வண்டிகளை விடுவதில்லை. கல் பாவிய தரையில் அம்மா பயமில்லாமல் நடந்தார், கால் வலித்தபோது பேட்டரி காரில் ஏறிக்கொண்டார். 2018 பிப்ரவரியில் வீர வசந்தராயர் மண்டபம் தீப்பிடித்த பிறகு, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவால் உள்ளே செல்போன் கிடையாது. வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்த வரிசை கொஞ்சம் நீளம், ஆனாலும் இந்தத் தடை தொடர வேண்டும் என்பேன். பொற்றாமரைக் குளத்துப் படிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபத்தைப் பார்த்ததும் அம்மா நின்றுவிட்டார். "ஏய்யா, கடைக்காரங்கெல்லாம் எங்க போனாங்க?" வசந்த விழாவுக்காகத் திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. தையல்காரர்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும் தலைமுறை தலைமுறையாக அதற்குள் இருந்தார்கள். இப்போது அவர்களைக் குன்னத்தூர் சத்திரத்துப் புதுக் கட்டடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். தூண் சிற்பங்களை மறைத்த கடைகள் போனது நியாயம்தான். ஆனால் எந்தக் கடை எங்கே போனது என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை வைத்திருக்கலாம். நாங்கள் விசாரித்து விசாரித்துத்தான் போய்ச் சேர்ந்தோம்.

அடுத்தது வங்கி. அப்பா ரயில்வேயில் இருந்தவர், அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அதற்கு வருடாவருடம் நவம்பரில், உயிரோடு இருக்கிறார் என்பதற்கான வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வேண்டும். கிளையில் கைரேகைக் கருவி அம்மாவின் விரலை எடுக்கவே இல்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த விரல்கள்! ஓடிபி வரும் என்றார்கள், வரவில்லை. நாளைக்கு வாங்க என்றார்கள். இவ்வளவுக்கும் அம்மா நின்றுகொண்டே இருந்தார். உயிரோடு இருக்கிற மனுஷி எதிரே நிற்கும்போது இப்படி அலையவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பக்கத்து வீட்டு அக்காதான் தபால்காரரிடம் கேட்கச் சொன்னார். தபால் துறையின் பேமென்ட்ஸ் வங்கி வீட்டுக்கே வந்து டிஜிட்டல் வாழ்நாள் சான்றிதழ் பதிந்து தருகிறது. கட்டணம் 70 ரூபாய். தபால்காரர் வந்தார், திண்ணையில் உட்கார்ந்தார், தன் போனில் அம்மாவின் முகத்தைக் காட்டச் சொன்னார். காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

இந்த ஊருக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. சன்னிதிக்கு வர முடியாதவர்களும் பார்க்கட்டும் என்று சாமியே மாசி வீதிகளுக்கு வருகிற ஊர். அழகர் மலையிலிருந்து இறங்கி வைகை வரைக்கும் வருகிறார். வங்கி மட்டும் ஏன் கவுன்டரைவிட்டு நகர மாட்டேன் என்கிறது?

அப்புறம், நத்தம் சாலையில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அவசியம் போங்கள். லிப்ட் இருக்கிறது, உட்கார நல்ல இடம் இருக்கிறது. அம்மா கிளம்பவே மனமில்லாமல் படித்துக்கொண்டிருந்தார்.

உங்கள் பெற்றோரும் ஓய்வூதியம் வாங்குபவர்கள் என்றால், நவம்பர் கடைசி வரை காத்திருக்காதீர்கள். ஆதார், பி.பி.ஓ. எண் (ஓய்வூதிய ஆணையில் இருக்கும் எண்), வங்கிக் கணக்கு எண், செல்போன் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு முதல் வாரத்திலேயே தபால்காரரிடம் சொல்லிவிடுங்கள்.